ஆறு இலக்கங்கள்

ஏழாம் நம்பர் மலையில்
கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மேலே
ஒரு மதகு.
அதன் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் மட்டும்
இரண்டு கோடு சிக்னல்.
வலது ஓரம் மஸ்கெலியாவோடுகூடப் பேசாது.

யோகலோஜினியின் விண்ணப்பம்
இன்று நள்ளிரவோடு மூடுகிறது.
நேரம் ஆறரை. மழை.
எங்களுக்கு ஒரே குடை, ஒரே போன்,
பதினெட்டு வீதம் சார்ஜ்.

நான் அவளுக்கு டீச்சர் இல்லை.
நாலு வருடம் முன்னால் போனவள், அவ்வளவுதான்.
எங்கே வழுக்கும் என்று தெரியும்,
அங்கெல்லாம் விழுந்திருக்கிறேன்.
என் விருப்பு வரிசையை
கொமினிகேஷன் கடைக்காரர்தான் நிரப்பினார்.
படிக்கப்போகும் பாடத்தின் பெயரை
கடிதம் வந்த அன்றுதான்
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

முகவரி என்று ஒரு கட்டம்.
மேற்பிரிவு, பத்தாம் லயம், நாலாம் காம்பிரா.
கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும்,
ஆபீசில் கிடக்கும்,
கிளார்க்கையாவுக்கு ஞாபகம் வந்தால் நடக்கும்.
என்னுடையது பன்னிரண்டு நாள் கிடந்தது.
ஆகவே ஹட்டனில் நான் வாடகைக்கு இருக்கும்
அறையின் இலக்கத்தைப் போட்டோம்.
அவள் ஒருநாளும் படுத்துறங்காத வீடு.

வருமானச் சான்றிதழ் பிறகுதான் கேட்பார்கள்.
பிறகு என்பதை நான் நம்புவதில்லை,
இப்போதே எடுக்கச் சொல்லிவிட்டேன்.
கிராம சேவகரைத் தேடி
அவளுடைய அம்மா மூன்று நாள் அலைந்தார்.
மூன்று நாளும் செக்ரோலில் பேர் விழவில்லை.
பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை.
மகளின் முழுப்பெயரை
ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுகிறேன்.
ஓர் எழுத்தும் ஓசியில் வரவில்லை.

விருப்பு வரிசை.
முதலாவது என்ன என்றேன்.
தேயிலைத் தொழில்நுட்பம் என்றாள்.
அழித்தேன்.
"உன் புள்ளிக்கு இதைவிட நல்லது கிடைக்கும்."
மறுபடி சொன்னாள்.
மறுபடி அழித்தேன்,
கொமினிகேஷன் கடைக்காரரின் விரல் வேகத்தில்.
அப்போதுதான் விரல் நின்றது.

"அக்கா, பெக்டரி வரைக்கும் எங்களுக்குத் தெரியும்.
பெட்டியில ஏறி ஏலத்துக்குப் போன பொறகு
என்னா வெல, யாரு வெக்கிறா, ஏன் அந்த வெல,
எங்க லயத்துல ஒருத்தருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியணும்."

அவளிடமே போனைக் கொடுத்தேன்.
அவளே தட்டினாள்.

சரிபார்க்கும் எண் அண்ணனின் போனுக்குப் போகும்.
அந்த வீட்டில் நம்பர் மாறாத போன் அது ஒன்றுதான்.
சுதேஸ், புறக்கோட்டையில் இரும்புக்கடை.
பத்தாம் வகுப்போடு அவன் ஏறிப்போன பஸ்ஸில்தான்
மாதாமாதம் இவளுடைய டியூஷன் காசு இறங்கியது.

முதல் எண் வந்தபோது
முதலாளி பக்கத்தில் நின்றாராம்.
இரண்டாவதை வாசித்து முடிப்பதற்குள்
காலாவதி.
மூன்றாவதற்குக் காத்திருந்த இடைவெளியில்
கேட்டான்:
"எதடி மொதல்ல போட்ட?"
"தேயில."

குடையில் மழை மட்டும் பேசியது.
விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன்,
அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"தேயிலைக்கா நான் இங்க ஆணி நிறுக்கிறேன்?"

பிறகு அவன் சிரித்தானா
மூக்கை உறிஞ்சினானா,
இரண்டு கோடு சிக்னலில் அதெல்லாம் தெரியாது.

"சரி, வந்திருச்சி. எழுதிக்க.
ஏழு. பூச்சியம். நாலு. நாலு. ஒம்பது."
ஆறாவதுக்குள் யாரோ குறுக்கே வந்து
ரெண்டங்குல ஆணி அரைக் கிலோ என்றார்.
ரெண்டு என்றது அண்ணனா, அவரா?

"ரெண்டா?"
மலை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.
கீழே லயத்து நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

"ரெண்டுதான்டி. ரெண்டு."

ஒன்பது வீதம் சார்ஜ்.
தட்டினோம்.
வட்டம் சுற்றுகிறது.